தெரியுமா? உங்கள் வங்கியே எழுதி வைக்காத மூன்று எண்கள்!

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள்! கொல்லிமலைப் பேருந்து அத்தனையிலும் வளைந்து வளைந்து ஏறித்தான் மேலே வந்து சேர வேண்டும். அதே மலையில், தேவனூர் நாட்டில் ஒருவர் மிளகுக் கொடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர் ஒன்றைச் செல்போனில் ஆர்டர் போடுகிறார். ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் மூன்று எண்ணைத் தட்டுகிறார். அந்த எண் மலையை விட்டு இறங்கி, விற்பவரின் வங்கிக்குப் போய், ரூபே அல்லது விசா வலையமைப்பைக் கடந்து, கார்டு கொடுத்த வங்கியின் கணினியைத் தொட்டு, பதிலோடு மறுபடி மலையேறி வர எவ்வளவு நேரம் ஆகிறது தெரியுமா? சில நொடிகள்தான்!

அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. அந்த மூன்று எண் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லும் வங்கி, பொதுவாக அதை எந்தப் பட்டியலிலும் எழுதி வைத்திருப்பதில்லை! விற்பவரும் வைத்திருக்கக் கூடாது. நடுவில் பணத்தைக் கடத்தும் நிறுவனமும் வைத்திருக்கக் கூடாது. உலகத்தில் அது நிரந்தரமாக இருக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: உங்கள் கையில் இருக்கும் அந்த அட்டை. சிவிவி என்ற அந்த எண்ணின் முழு பலமும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

எழுதி வைக்காமல் எப்படிச் சரிபார்க்கிறார்கள்? ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போடுகிறார்கள்! கார்டு எண், அது காலாவதியாகும் மாதமும் வருடமும், சேவைக் குறியீடு எனப்படும் இன்னொரு மூன்று இலக்க எண் ஆகிய மூன்றையும் வரிசையாகச் சேர்த்து, மீதி இடத்தைப் பூச்சியங்களால் நிரப்பி, இரண்டு துண்டாக வெட்டுகிறார்கள். முதல் துண்டை ஒரு ரகசியச் சாவியால் மறையாக்கி, வருகிற விடையை இரண்டாவது துண்டோடு கலக்கிறார்கள். பிறகு முதல் சாவியால் மறையாக்கி, இரண்டாம் சாவியால் எதிர்த்திசையில் ஓட்டி, மறுபடி முதல் சாவியால் மறையாக்குகிறார்கள். கடைசியில் எண்ணும் ஆங்கில எழுத்துமாக ஒரு குப்பை வரிசை கிடைக்கும். அதில் இடமிருந்து வலமாக எண்களை மட்டும் பொறுக்கினால் முதலில் சிக்கும் மூன்றுதான் உங்கள் சிவிவி! மூன்று எண் தேறாவிட்டால்? எழுத்துகளை எண்ணாக மாற்றிக்கொள்ள அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

காப்பிப் பொடியிலிருந்து மறுபடி கொட்டையைச் செய்ய முடியாதது போலத்தான் இதுவும். மூன்று எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் அந்தச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சாவிகள் சாதாரணக் கணினியில் இருப்பதும் இல்லை. வங்கியின் தரவு மையத்தில் அதற்கென்றே ஒரு தனிக் கருவி இருக்கிறது. யாராவது அதை உடைத்துத் திறக்கப் பார்த்தால் அந்தக் கருவி என்ன செய்யும் தெரியுமா? உள்ளே இருக்கும் சாவிகளைத் தானே அழித்துவிடும்!

கணக்கு முடிந்ததும் கிளம்பும் பதில் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். பொருந்தினால் ‘எம்’, பொருந்தாவிட்டால் ‘என்’. ஒரே ஓர் எழுத்து! சரியான எண் இன்னதுதான் என்ற தகவல் அதில் இருக்கவே இருக்காது.

இந்தக் கணக்கிலிருந்து பிறக்கும் வியப்புகளைப் பாருங்கள். மூன்று இலக்கத்தில் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள்தான் சாத்தியம். இந்தியாவில் புழக்கத்தில் இருக்கும் டெபிட் கார்டுகளோ 90 கோடிக்கு மேல்! அப்படியானால் உங்கள் கார்டில் இருக்கும் அதே சிவிவி, சராசரியாக இன்னும் 9 லட்சம் பேரின் கார்டிலும் இருக்கிறது. ஆனாலும் அவர்களில் ஒருவராலும் அதை வைத்து உங்கள் கணக்கைத் தொட முடியாது. அந்த மூன்று எண்ணுக்குத் தனியாக மதிப்பே கிடையாது. உங்கள் கார்டு எண்ணோடும் தேதியோடும் சேரும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது.

பழைய கார்டு முடிந்து புதுக் கார்டு தபாலில் வருகிறது. சில சமயம் கார்டு எண் அதேதான், ஆனால் சிவிவி மட்டும் மாறியிருக்கும். ஏன்? காலாவதித் தேதி மாறிவிட்டதே! கணக்குக்குள் போகும் சரக்கு மாறினால் வெளியே வரும் விடையும் மாறும்.

இன்னொன்று. உங்கள் கார்டில் ஒரு சிவிவிதான் இருக்கிறது என்றா நினைத்தீர்கள்? மூன்று இருக்கலாம்! பின்னால் அச்சடித்திருப்பது ஒன்று. கறுப்புக் காந்தப் பட்டைக்குள் ஒளிந்திருப்பது இன்னொன்று. தங்க நிறச் சில்லுக்குள் இருப்பது மூன்றாவது. கணக்கு ஒன்றுதான், சாமர்த்தியம் எல்லாம் சேவைக் குறியீட்டில். பட்டைக்கு அதன் உண்மையான குறியீடு, அச்சிடுவதற்கு 000, சில்லுக்கு 999 என்று மாற்றிப் போடுகிறார்கள். அதனால் மூன்று விடை! இதன் பலனைப் பாருங்கள். எங்கோ ஒரு ஏடிஎம்மில் ரகசியக் கருவி பொருத்திக் காந்தப் பட்டையைத் திருடுபவனுக்கு, இணையத்தில் தட்டவேண்டிய எண் கிடைக்காது. சில்லின் தகவலைத் திருடுபவனால் அதைக் கொண்டு போலிக் காந்தப் பட்டை செய்ய முடியாது. ஒரு கதவை உடைத்தால் அடுத்த கதவு திறக்காது. 000, 999 என்று இரண்டே இரண்டு மாற்றத்தில் இவ்வளவு பெரிய வேலையை முடித்திருக்கிறார்களே! இத்தனை சிக்கனமான யோசனையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதைக் கண்டுபிடித்தது யார்? 1995-இல் பிரிட்டனில் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த மைக்கேல் ஸ்டோன் என்பவர். அவர் முதலில் யோசித்தது மூன்று எண்ணல்ல, எண்ணும் எழுத்தும் கலந்த 11 இடங்கள்! வீட்டிலிருந்தே பொருள் வாங்கும் லிட்டில்வுட்ஸ் விற்பனைக் குழுமத்திலும் நாட்வெஸ்ட் வங்கியிலும் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு அது சுருங்கிச் சுருங்கி மூன்று இலக்கமானது. மாஸ்டர்கார்டு 1997-இல் இதைத் தன் அட்டைகளில் அச்சிடத் தொடங்கியது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1999-இல் வந்தது. அவர்களுக்கு மட்டும் நான்கு இலக்கம், அதுவும் அட்டையின் முன்பக்கத்தில்!

அதற்கு முன்னால் என்ன இருந்தது? தட்டிய கார்டு எண் சரிதானா என்று பார்க்க, அதன் கடைசி இலக்கம். அதுவும் ஓர் அதிசயம்தான். ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் விண்ணப்பித்து 1960-இல் காப்புரிமை பெற்ற கணக்கு அது. ஓர் இலக்கத்தைத் தப்பாகத் தட்டினால் கட்டாயம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றித் தட்டினாலும் பிடித்துவிடும், 09-ஐ 90 என்று மாற்றினால் மட்டும் ஏமாந்துபோகும்! ஆனால் அந்தக் கணக்கில் ரகசியம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போடலாம். அதனால் இணையம் வந்ததும் திருடர்கள் கணக்குக்குப் பொருந்தும் எண்களைத் தாங்களே உற்பத்தி செய்தார்கள். கைப்பிழையைப் பிடிக்கப் பிறந்த கணக்கு களவாணியை எப்படிப் பிடிக்கும்? அப்போதுதான், உண்மையான அட்டை கையில் இருப்பவருக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்று வேண்டும் என்ற தேவை வந்தது.

சிவிவி ஏன் புடைத்து நிற்காமல் தட்டையாக அச்சாகிறது தெரியுமா? அந்தக் காலத்தில் கடைகளில் கார்டைக் கார்பன் தாளுக்கு அடியில் வைத்து உருளையால் தேய்ப்பார்கள். புடைத்த எண்கள் எல்லாம் தாளில் பதிந்துவிடும். அந்த ரசீது குப்பைக்குப் போகும், அங்கே ஒருவன் பொறுக்குவான். தட்டையாக இருந்தால் தாளில் பதியாது, அவ்வளவுதான் சூட்சுமம்!

ஆன்லைன் கடை உங்கள் பெயரை ஞாபகம் வைத்திருக்கிறது, தேவனூர் நாடு என்ற விலாசத்தை ஞாபகம் வைத்திருக்கிறது, கார்டின் கடைசி நான்கு எண்ணைக்கூடக் காட்டுகிறது. ஆனால் சிவிவியை மட்டும் பல சமயம் புதிதாகக் கேட்கும். மறதியா? இல்லை, விதி! கார்டு நிறுவனங்கள் சேர்ந்து 2004-இல் கொண்டுவந்த பிசிஐ பாதுகாப்பு விதிகளின்படி, பணம் போகலாம் என்று வங்கி ஒப்புதல் தந்த பிறகு எந்தக் கடையும் சிவிவியை வைத்திருக்கக் கூடாது. பூட்டி வைத்தாலும் கூடாது, மறையாக்கி வைத்தாலும் கூடாது! கடையின் கணினியை மொத்தமாகக் கொள்ளையடித்தாலும் திருடனுக்கு அந்த மூன்று எண் கிடைக்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

அப்படியானால் திருடர்கள் சும்மா இருந்தார்களா? 2016-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைச் செய்து காட்டினார்கள். கேட்டால் தூக்கிவாரிப் போடும்! ஒரே இணையதளத்தில் ஆயிரம் தடவை சிவிவியை ஊகித்துப் போட்டால் கதவு மூடிவிடும். ஆனால் நூற்றுக்கணக்கான தளங்களில் பிரித்துப் பிரித்துப் போட்டால்? ஒவ்வொரு தளத்திலும் சில முயற்சிதான், எந்தத் தளத்துக்கும் சந்தேகம் வராது! சில தளங்கள் கார்டு எண்ணும் தேதியும் மட்டும் கேட்கும். அங்கே முதலில் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலான கார்டுகள் ஐந்து வருடத்துக்கு மேல் போகாது என்பதால் 60 ஊகம் போதும். தேதி கிடைத்த பிறகு சிவிவிக்கு அதிகபட்சம் ஆயிரம். 60-ஐ ஆயிரத்தால் பெருக்க வேண்டியதில்லை, கூட்டினால் போதும்! எல்லாத் தளத்திலும் ஒரே நேரத்தில் முயன்றால் மொத்தமும் முடிய ஆறு நொடி ஆகலாம் என்று அவர்கள் சொன்னார்கள். மாஸ்டர்கார்டின் வலையமைப்பு இந்தச் சிதறிய முயற்சிகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டுகொண்டது. விசாவின் வலையமைப்பில் அப்போது அது பிடிபடவில்லை.

இனி நம் நாட்டைப் பற்றிப் பெருமையாகவே சொல்லலாம். மூன்று எண் மட்டும் போதாது என்று உலகத்தில் முதலில் விழித்துக்கொண்ட நாடுகளில் இந்தியா ஒன்று! 2009 பிப்ரவரி 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல், ஆன்லைனில் கார்டு வழியாகப் பணம் போகும்போது, கார்டில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு தகவலால் கூடுதலாகச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்றது. ‘கார்டில் கண்ணுக்குத் தெரியாத’ என்பதைக் கவனியுங்கள். சிவிவி கார்டிலேயே அச்சாகி இருக்கிறதே! அட்டையைப் பார்த்தவனுக்கெல்லாம் அது தெரிந்துவிடும். அந்த ஒரு நிபந்தனைதான் நம் செல்போனுக்கு ஓடிபியைக் கொண்டுவந்தது. இன்று அலுத்துக்கொண்டே ஆறு இலக்கம் தட்டுகிறோம். அதன் அருமை தெரிய வேண்டுமானால் ஓடிபி கேட்காத வெளிநாட்டுத் தளங்களைப் பார்க்க வேண்டும். அங்கே பல சமயம் சிவிவிதான் கடைசிப் பூட்டு.

அதற்கும் ரிசர்வ் வங்கி 2020-இல் ஒரு தாழ்ப்பாள் போட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், புதுக் கார்டு கைக்கு வரும்போது உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடையில் தேய்க்கும் கருவியிலும் மட்டும்தான் வேலை செய்யும். ஆன்லைன் வேண்டுமானால் நீங்களே திறந்துவிட வேண்டும். வெளிநாட்டுப் பயன்பாடும் அப்படியே. ஒருமுறைகூட ஆன்லைனில் பயன்படுத்தாத பழைய கார்டுகளுக்கும் அந்த வசதியை அணைத்துவிட்டார்கள். ஊரக வேலைத் திட்டக் கூலியை எடுக்க மட்டும் கார்டு வைத்திருக்கும் மலைவாசி அம்மாவுக்கு இதைவிட நல்ல காவல் வேறென்ன?

கறுப்புச் சந்தையில் நம் கார்டுகளுக்கு என்ன விலை தெரியுமா? ஜோக்கர்ஸ் ஸ்டாஷ் என்ற திருட்டு இணையச் சந்தை ஒன்று இருந்தது, 2021-இல் மூடப்பட்டது. 2019 அக்டோபரில் அங்கே 13 லட்சத்துக்கு மேற்பட்ட கார்டுகளின் காந்தப் பட்டைத் தகவல் விற்பனைக்கு வந்ததை குரூப்-ஐபி என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. பெரும்பாலானவை இந்தியக் கார்டுகள், ஒன்றின் விலை 100 டாலர். 2020 பிப்ரவரியில் இன்னொரு மூட்டை வந்தது. அதில் 4,61,976 கார்டுகள், 98 சதவீதத்துக்கு மேல் இந்திய வங்கிகளுடையவை. இந்த முறை கார்டு எண், தேதி, சிவிவி எல்லாமே இருந்தன! விலை? வெறும் 9 டாலர்! சிவிவியோடு வந்த கார்டு ஏன் இப்படி மலிந்துபோனது? என் கணிப்பைச் சொல்கிறேன்: பட்டைத் தகவல் இருந்தால் போலிக் கார்டு செய்து நேரடியாகத் தேய்த்துப் பார்க்கலாம். இந்திய சிவிவியை வைத்துக்கொண்டு ஆன்லைனில் வாங்கப் போனால் எதிரே ஓடிபி நிற்கும். 2009-இல் போட்ட பூட்டுத்தான் விலையைச் சரித்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

எங்கும் சேமிக்கக் கூடாத எண் எப்படி லட்சக்கணக்கில் திருடு போயிற்று? தட்டும்போதே! போலி இணையதளத்தில் தட்டியிருக்கலாம், வைரஸ் புகுந்த போனில் தட்டியிருக்கலாம், உண்மையான கடையின் பக்கத்திலேயே திருட்டு நிரல் ஒளிந்திருந்திருக்கலாம். சேமித்த இடத்தில் கிடைக்காததால், விரலிலிருந்து திரைக்குப் போகும் அந்த ஒரு கணத்தைக் குறிவைக்கிறார்கள்.

அந்தக் கணத்தையும் குறைக்க வழி பிறந்துவிட்டது. 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் ஆன்லைன் கடைகள் கார்டு எண்ணையே வைத்திருக்கக் கூடாது! அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண். ஒரு கடைக்கு வாங்கிய டோக்கன் இன்னொரு கடையில் செல்லாது, திருடினாலும் பயனில்லை. 2023 மே மாதத்தில் இந்தியத் தேசியப் பணம் செலுத்தல் கழகம் இன்னும் ஒரு படி போனது. டோக்கன் போட்டுவைத்த ரூபே கார்டுக்கு அதே கடையில் மறுபடி சிவிவியே தேவையில்லை என்றது. தட்டாத எண்ணை எவனால் திருட முடியும்?

பிரான்சில் சொசியெத்தே ஜெனரால் வங்கி 2016-இல் கொண்டுவந்த கார்டைப் பார்த்தால் வாய் பிளப்பீர்கள். பின்பக்கம் ஒரு குட்டித் திரை, அதில் சிவிவி மணிக்கு ஒருமுறை தானாக மாறும்! மணி ஐந்துக்குத் திருடிய எண் ஆறு மணிக்குக் குப்பை. 2019-இல் வந்த ஆப்பிள் கார்டில் கார்டு எண், தேதி, சிவிவி எதுவுமே அச்சில் இல்லை, பெயர் மட்டும்தான்!

இவ்வளவு மூளை, இவ்வளவு கணக்கு, இவ்வளவு சட்டம். எல்லாவற்றையும் தாண்டிப் போகத் திருடனுக்கு என்ன வேண்டும் தெரியுமா? ஒரு சிம் கார்டும் பணிவான ஒரு குரலும்.

“அம்மா வணக்கம்மா, பேங்க்ல இருந்து பேசறோம். உங்க ஏடிஎம் கார்டு இன்னிக்கு பிளாக் ஆகப் போவுதுங்க. கார்டு பின்னாடி மூணு நம்பர் இருக்கு பாருங்க, அத மட்டும் சொல்லுங்க, சரி பண்ணித் தர்றேன்.”

வங்கியே எழுதி வைக்காத எண்ணை வங்கிக்காரர் எதற்குப் போனில் கேட்கிறார்? இந்த ஒரு கேள்வி மனதில் எழுந்தால் போதும், அங்கேயே போனை வைத்துவிடலாம். அந்த எண்ணைக் கேட்க வேண்டிய தேவை எந்த வங்கிக்கும், எந்த மேனேஜருக்கும், எந்த நாளும் கிடையாது. மூன்று எண்ணைச் சொன்னால் அடுத்து ஓடிபியைக் கேட்பான். அதையும் சொல்லிவிட்டால் வங்கியின் கணினிகளுக்குச் சந்தேகமே வராது, நீங்களே செலவு செய்ததாகத்தான் அவற்றின் கணக்கில் பதியும்.

மலையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகச் சில விஷயங்களை அக்கறையோடு சொல்ல வேண்டும். வீட்டுக்குள் டவர் கிடைக்காமல் ஓடிபி வராதபோது, பக்கத்துக் கடைத் தம்பியிடம் கார்டையும் போனையும் சேர்த்துக் கொடுத்து “நீயே போட்டுக் குடுப்பா” என்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. தம்பி நல்லவராகவே இருக்கட்டும். இரண்டு பூட்டின் சாவியும் ஒரே கைக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு பூட்டு போட்டார்கள். கார்டைக் கொடுத்தால் போனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டின் இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுக்கவோ வாட்ஸ்அப்பில் அனுப்பவோ வேண்டாம். மூன்று எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு அதைக் கறுப்பு மையால் மறைத்துவிடுங்கள், ஏடிஎம்முக்கு அந்த எண் தேவையில்லை. மனப்பாடம் நிற்காது என்பவர்கள் ஆன்லைன் வசதியை வங்கியில் சொல்லி அணைத்தே வைத்துக்கொள்ளலாம்.

மீறிப் பணம் போய்விட்டால்? சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, தெரியுமா? 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கைப்படி, தப்பு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, வெளியே எங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் உங்களுக்கு வந்து மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை! நான்கிலிருந்து ஏழு வேலை நாள் ஆனால் ஒரு வரம்பு வரை உங்கள் தலையில் விழும். எண்ணையும் ஓடிபியையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்றால், வங்கிக்குத் தகவல் சொல்லும் நிமிடம் வரை போனது உங்கள் நஷ்டம். சொன்ன நிமிடத்துக்குப் பிறகு போவதெல்லாம் வங்கியின் நஷ்டம்! அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது ஆகவே ஆகாது. முதலில் வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்கச் சொல்லுங்கள், புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே 1930-ஐ அழையுங்கள், அது நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுத்து நிறுத்தப் பார்ப்பார்கள். மேலே சொன்ன விதிப்படி உங்கள் மேல் பொறுப்பில்லாத தொகையை, நீங்கள் தகவல் சொன்ன பத்து வேலை நாளுக்குள் வங்கி உங்கள் கணக்கில் தற்காலிகமாகத் திருப்பி வைக்க வேண்டும். அதற்காகக் காப்பீட்டுத் தொகை வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது!